தண்ணீர் கொதிக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. கொதிக்கும் தண்ணீரில் எழும் குமிழிகளுக்குள் இருப்பது என்ன? தீயை எவ்வளவு கூட்டினாலும் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் நிற்பது ஏன்?

முதலாவதற்கு விடை சின்னது. தொடக்கத்தில் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு தெரியும் பொடிக் குமிழிகளில் இருப்பது காற்று. கொதி வந்த பிறகு அடியிலிருந்து பெரிதாகக் கிளம்புபவற்றில் இருப்பது நீராவி. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியாகப் பிரிந்து வருவதாக நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி எந்தக் கட்டத்திலும் நடப்பதில்லை. ஒரு கிலோ கொதிநீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். அதே ஒரு கிலோவை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிளக்க வேண்டுமென்றால் ஏறத்தாழ 15,900 கிலோஜூல் ஆகும். வெறும் சூட்டை மட்டும் வைத்து அந்தப் பிளவை ஓரளவாவது நடத்த 2,000 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அடுப்பில் மூலக்கூறு முழுசாகவே இருக்கிறது. ஒரு மூலக்கூறைப் பக்கத்து மூலக்கூறோடு பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள்தான் அறுகின்றன. இந்தப் பிடி எவ்வளவு வலுவானது என்பதற்கு ஓர் அளவுகோல்: ஹைட்ரஜன் சல்ஃபைடின் மூலக்கூறு தண்ணீர் மூலக்கூறைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எடையுள்ளது, ஆனாலும் அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அதில் இந்தப் பிணைப்பு மிகவும் பலவீனம்.

இரண்டாவது பகுதிக்குத்தான் விளக்கம் தேவை, ஏனென்றால் 100 என்ற எண் தண்ணீருக்கு மட்டுமே சொந்தமானதல்ல. அதில் பாதி வளிமண்டலத்தின் பங்கு. எந்தச் சூட்டில் கொதிக்கும் என்பதைத் தண்ணீரின் மேல் அமர்ந்திருக்கும் அழுத்தம் முடிவு செய்கிறது. கொதி வந்த பிறகு அடுப்பின் தீ முடிவு செய்வது, தண்ணீர் எவ்வளவு வேகமாக ஆவியாகித் தீரும் என்பதை மட்டும்தான்.

எந்தச் சூட்டிலும் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஈரத்துணி வெயில் இல்லாத அறையிலும் காய்வது அதனால்தான். மூடிய பாத்திரத்தில் வெளியேறுபவையும் திரும்ப வந்து விழுபவையும் சமமாகும்போது, அந்த ஆவி செலுத்தும் அழுத்தத்துக்கு ஆவியழுத்தம் என்று பெயர். கிலோபாஸ்கல் என்ற அலகில் அளந்தால் 20 டிகிரியில் இது 2.3 கிலோபாஸ்கல். 60 டிகிரியில் 20, 80-ல் 47, 90-ல் 70, 100-ல் 101.3. கடைசி எண்ணைக் கவனியுங்கள்: கடல் மட்டத்தில் வளிமண்டலத்தின் சராசரி அழுத்தமும் அதே 101.3 கிலோபாஸ்கல்தான்.

இப்போது தண்ணீருக்குள்ளே ஒரு நீராவிக் குமிழி இருப்பதாக வைத்துக்கொள்வோம். வெளியிலிருந்து வளிமண்டலம் அதை 101 கிலோபாஸ்கலால் நெருக்குகிறது. தண்ணீர் 90 டிகிரியில் இருந்தால் குமிழிக்குள் இருக்கும் ஆவியால் 70-க்கு மேல் தள்ள முடியாது. குமிழி நசுங்கிவிடும். 100 டிகிரியில் இரண்டும் சமம். அதற்கு இம்மியளவு மேலே போனாலும் குமிழி உயிர் பிழைத்து வளர்கிறது. ஆவியாதல் மேற்பரப்பில் மட்டும் நடக்கும் வேலை. அது தண்ணீரின் உடம்புக்குள்ளேயும் நடக்கத் தொடங்கும் வெப்பநிலைதான் கொதிநிலை.

ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரை அடி தட்டையான பாத்திரத்தில் ஊற்றி, மூடாமல் அடுப்பில் வைத்துப் பார்த்தால் இதைக் கண்ணாலும் காதாலும் படிப்படியாகப் பின்தொடரலாம். முதல் ஓரிரு நிமிடங்களில் அடியிலிருந்து மேலே நெளிந்து நெளிந்து போகும் கண்ணாடிக் கோடுகள் தெரியும். சூடான தண்ணீரும் ஆறிய தண்ணீரும் ஒளியை வெவ்வேறு அளவில் வளைப்பதால் தெரியும் சலனம் அது. அடுத்து சுவரிலும் அடியிலும் ஊசிமுனை அளவில் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். 20 டிகிரியில் காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனும் 15 மில்லிகிராம் நைட்ரஜனும் கரைந்திருக்கும். பருமனில் சொன்னால் 18 மில்லிலிட்டர் அளவு வாயு. சூடு ஏற ஏற வாயுவைக் கரைத்து வைக்கும் திறன் குறைகிறது, மிஞ்சியது வெளியே வருகிறது. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரை உடனே மறுபடியும் சூடாக்கினால் இந்தக் கட்டம் ஏறக்குறைய காணாமலே போகும், ஏனென்றால் வெளியேற வேண்டிய காற்று முதல் தடவையே போய்விட்டது.

அடுத்த கட்டம் காதுக்கானது. பாத்திரத்தின் அடியை ஒட்டியிருக்கும் மெல்லிய தண்ணீர்ப் படலம் 100 டிகிரியைத் தாண்டும்போது மேலே இருக்கும் தண்ணீர் இன்னும் 80, 85-ல்தான் இருக்கும். அடியில் நீராவிக் குமிழி உண்டாகி, பிரிந்து, கொஞ்ச தூரம் மேலே போனதும் குளிர்ந்த தண்ணீரில் மாட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் ஆவி நொடியின் சிறு பகுதிக்குள் தண்ணீராகச் சுருங்க, சுற்றியுள்ள தண்ணீர் அந்தக் காலி இடத்துக்குள் அறைந்துகொண்டு பாய்கிறது. கெட்டில் 'ஸ்ஸ்' என்று இரைவது இப்படி ஆயிரக்கணக்கான குமிழிகள் நசுங்கும் சத்தம். கொதிப்பதற்குச் சற்று முன்பு இரைச்சல் உச்சத்துக்குப் போகும். தண்ணீர் முழுவதும் 100-ஐத் தொட்டதும் குமிழிகள் நசுங்குவது நின்று, சத்தம் சட்டென்று தணிந்து, தளதளவென்ற கொதி ஒலியாக மாறும். கேட்டுப் பழகியவர்கள் கெட்டிலைப் பார்க்காமலே சொல்லிவிடுவார்கள்.

இனிமேல்தான் முழுக் கொதிப்பு. அடியில் பிறந்த குமிழி சுருங்காமல், மேலே வரும் வழியில் சுற்றியிருக்கும் தண்ணீர் தொடர்ந்து ஆவியாகி உள்ளே சேர்வதால் பெருத்துக்கொண்டே வந்து, மேற்பரப்பில் உடைகிறது. 100 டிகிரியில் ஒரு கிராம் தண்ணீர் பிடிக்கும் இடம் ஒரு மில்லிலிட்டரைவிடச் சற்றே கூடுதல். அதே ஒரு கிராம் ஆவியானால் 1,670 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டும். ஏறத்தாழ 1,600 மடங்கு விரிவு.

குமிழி எங்கே பிறக்கிறது என்பதை அநேக விளக்கங்கள் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்குக் கொதித்தலிலேயே சுவையான இடம் அதுதான். ஆபத்தான இடமும் அதுதான்.

புதிதாகப் பிறக்கும் குமிழியை வளிமண்டலம் மட்டும் நெருக்குவதில்லை. அதன் தோலாக இருக்கும் நீர்ப்பரப்பும் பரப்பு இழுவிசையால் உள்ளே சுருக்கப் பார்க்கிறது. குமிழி எவ்வளவு சின்னதோ அவ்வளவு பலமான நெருக்கம்: ஆரம் பாதியானால் நெருக்கம் இரட்டிப்பாகும். 100 டிகிரி தண்ணீரில் ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள குமிழிக்குக் கூடுதல் நெருக்கம் ஏறத்தாழ 118 கிலோபாஸ்கல், அதாவது ஒரு வளிமண்டலத்துக்கும் மேல். அந்தக் குமிழி நிலைத்து வளர வேண்டுமானால் தண்ணீர் 123 டிகிரி அளவில் இருக்க வேண்டும். பத்து மைக்ரோமீட்டர் குமிழிக்கு 103 போதும். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு குமிழி தொடங்குவதானால், முதல் சில மூலக்கூறுகள் அளவிலான வெற்றிடத்துக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆய்வகத்தில், வேறு திரவத்துக்குள் மிதக்கவிட்ட சுத்தமான நீர்த்துளிகளைச் சாதாரண அழுத்தத்திலேயே கொதிக்காமல் 280 டிகிரி அளவு வரை சூடாக்கியிருக்கிறார்கள்.

அப்படியானால் அடுப்பில் வைத்த தண்ணீர் மட்டும் 100-ல் ஒழுங்காகக் கொதிப்பது எப்படி? பாத்திரம் கொடுக்கும் உதவியால். உலோகப் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்களும் குழிகளும் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றும்போது அவற்றின் அடிவரை நனைவதில்லை. துளிக் காற்று அகப்பட்டுக்கொள்கிறது. குமிழி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை, அந்தக் காற்றுத் துளியிலிருந்து தொடங்கலாம். ஒரு குமிழி பிரிந்து போனதும் குழிக்குள் கொஞ்சம் ஆவி மிஞ்சியிருக்கும், அடுத்த குமிழிக்கு அதுவே விதை. பாத்திரத்தின் அடியில் குறிப்பிட்ட சில புள்ளிகளிலிருந்தே சரம் சரமாகக் குமிழிகள் எழுவதற்குக் காரணம் இது. புதுப் பாத்திரத்தைவிடத் தேய்ந்து கீறல் விழுந்த பாத்திரத்தில் கொதி சீராக வரும்.

இந்த உதவி கிடைக்காத இடம் மைக்ரோவேவ் அடுப்பு. கீறலில்லாத கண்ணாடி அல்லது வழவழப்பான பீங்கான் கோப்பை, ஏற்கெனவே ஒருமுறை கொதித்துக் காற்று போன தண்ணீர், அடியில் சூடான தகடு இல்லாமல் தண்ணீரே நேராகச் சூடாவது. மூன்றும் சேர்ந்தால் தண்ணீர் 100-ஐத் தாண்டியும் அசையாமல் நிற்கும். பார்த்தால் கொதிக்கவே இல்லை என்று தோன்றும். அதில் ஒரு கரண்டியை விட்டாலோ, பொடி எதையாவது போட்டாலோ, கோப்பையை அசைத்தாலோகூட, தேங்கிய சூடு முழுவதும் ஒரே நேரத்தில் வழி தேடிக்கொள்கிறது. கணக்கு இது: 250 மில்லி தண்ணீர் 105 டிகிரியில் இருந்தால், கூடுதலான 5 டிகிரியில் இருக்கும் ஆற்றல் 5.2 கிலோஜூல். அதைக்கொண்டு 2.3 கிராம் தண்ணீர் ஆவியாகும். பருமனில் கிட்டத்தட்ட 4 லிட்டர் ஆவி, 300 மில்லி கோப்பைக்குள். மேலே இருக்கும் கொதிநீர் முழுவதையும் முகத்தில் வாரி இறைக்க அது தாராளமாகப் போதும்.

தவிர்ப்பது எளிது. சூடாக்கத் தொடங்கும் முன்பே ஒரு மரக்குச்சியைத் தண்ணீருக்குள் நிற்க வையுங்கள். மரத்தின் துளைகளில் இருக்கும் காற்று குமிழிக்கு இடம் தரும். அடுப்பின் குறிப்பேடு சொல்லும் நேரத்தைத் தாண்டாதீர்கள். நேரம் முடிந்ததும் ஒரு நிமிடமாவது தொடாமல் விட்டு, பிறகு எடுங்கள். ஆய்வகத்தில் இதே வேலைக்குத் துளைகள் நிறைந்த பீங்கான் சில்லுகளைப் போடுவார்கள். அதில் இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, மறந்துவிட்டுத் திரவம் சூடேறிய பிறகு சில்லைப் போடுவது. அது கரண்டியை விடுவதற்குச் சமம், உடனே பொங்கி வெளியே அடிக்கும். ஆறவிட்டுத்தான் போட வேண்டும். இன்னொன்று, ஆறிய திரவத்தில் கிடக்கும் பழைய சில்லை நம்பி மறுபடியும் சூடாக்குவது. ஆறும்போது துளைக்குள் இருந்த ஆவி சுருங்கி, அந்த இடத்தைத் திரவம் நிரப்பியிருக்கும். அந்தச் சில்லு இனி வெறும் கல். புதிதாக ஒன்று போட வேண்டும்.

சூடு ஏன் நிற்கிறது என்பதற்கு வருவோம். 25 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரை 100-க்குக் கொண்டுவர 314 கிலோஜூல். அந்த 100 டிகிரி தண்ணீரை 100 டிகிரி ஆவியாக்க 2,257 கிலோஜூல், ஏழு மடங்குக்கும் மேல். வெப்பமானியில் ஒரு கோடுகூட ஏறாமல் உள்ளே போகும் இந்த வெப்பத்துக்குத்தான் உள்ளுறை வெப்பம் என்று பெயர். ஸ்காட்லாந்தின் ஜோசப் பிளாக் 1760-களின் தொடக்கத்தில் அளந்து காட்டியது. 2,257-ல் ஏறத்தாழ 2,088 கிலோஜூல் மூலக்கூறுகளைப் பிரித்தெடுக்கச் செலவாகிறது. மீதி 169 கிலோஜூல், பிறந்த ஆவி தனக்கு இடம் உண்டாக்க வளிமண்டலத்தைத் தள்ளுவதற்கு.

1,500 வாட் கெட்டிலில் இதை நேரமாக மாற்றிப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கொதி வர, இழப்புகளை விட்டுவிட்டால், மூன்றரை நிமிடம். அப்படியே விட்டால் முழுவதும் வற்ற இன்னும் 25 நிமிடம். அந்த 25 நிமிடமும் தண்ணீர் 100 டிகிரியில்தான் இருக்கும், ஏனென்றால் கொடுக்கும் ஒவ்வொரு ஜூலையும் ஏதோ ஒரு குமிழி எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறது. கொதி வந்த பிறகு தண்ணீருக்குள் 500 வாட் இறங்கினால் மணிக்கு 800 கிராம் வற்றும். 1,500 வாட் இறங்கினால் 2.4 கிலோ வற்றும். இரண்டிலும் தண்ணீரின் சூடு ஒன்றே. ஆகவே உள்ளே இருக்கும் பொருளைக் கொதிநிலையில் வைத்திருப்பது மட்டுமே நோக்கமென்றால், கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி வைப்பதே சரி. வற்ற வைப்பது நோக்கமென்றால் தீயைக் கூட்டி, மூடியைத் திறந்து, வாய் அகன்ற பாத்திரத்துக்கு மாற்ற வேண்டும்.

உள்ளுறை வெப்பத்தை நேரில் பார்க்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கட்டும். அதற்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, அடி தட்டாதபடி ஒரு வளையத்தின் மேல் வையுங்கள். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கிண்ணத்துத் தண்ணீர் கொதிக்காது. அது 100 டிகிரியை நெருங்கியிருக்கும். ஆனால் வெளியே 100, உள்ளே 100 என்றானபின் வெப்பம் பாய வழியில்லை. இப்போது வெளிப் பாத்திரத்தில் உப்பைக் கரையும் மட்டும் கொட்டுங்கள். லிட்டருக்கு 350 கிராமுக்கு மேல் கரைந்து, வெளித் தண்ணீரின் கொதிநிலை 108 டிகிரி அளவுக்கு ஏறும். கிண்ணத்துக்குள் கொதி வந்துவிடும்.

உப்பைப் பற்றிய ஒரு தவறான நம்பிக்கையையும் இங்கேயே முடித்துவிடலாம். ஒரு லிட்டரில் 10 கிராம் உப்பு போட்டால் கொதிநிலை உயர்வது 0.17 டிகிரி மட்டும். உப்புப் போட்டால் தண்ணீர் அதிகச் சூட்டில் கொதிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த அளவில் அதனால் எதுவும் சீக்கிரம் வேகாது. கொதிக்கும் தண்ணீரில் உப்பைப் போட்டதும் ஒரு கணம் பொங்குகிறதே என்றால், அது உப்பின் படிகங்கள் குமிழிகளுக்குப் புதிதாக இடம் கொடுப்பதால்.

சூட்டை நிஜமாகவே மாற்றுவது அழுத்தம். 100 டிகிரியை ஒட்டி ஒரு கிலோபாஸ்கல் மாறினால் கொதிநிலை 0.28 டிகிரி மாறும். 20 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்திரத்தில்கூட அடித்தண்ணீரின் கொதிநிலை மேற்பரப்பைவிட அரை டிகிரி அதிகம். மலையேறினால் தோராயமாக 300 மீட்டருக்கு ஒரு டிகிரி இறங்கும்: 1,500 மீட்டரில் 95, 3,000 மீட்டரில் 90, எவரெஸ்ட் உச்சியில் 71 அளவு. அங்கே தண்ணீர் சீக்கிரமாகக் கொதிக்கும், அதில் போட்டது தாமதமாக வேகும். ஏறத்தாழ 19 கிலோமீட்டர் உயரத்தில் கொதிநிலை 37 டிகிரிக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் பறப்பவர்களுக்கு அழுத்த உடை தவிர்க்க முடியாதது.

இன்னும் இறக்கினால் அறைச்சூட்டிலேயே கொதிக்கும். ஊசி இல்லாத ஒரு பெரிய சிரிஞ்சில் 60 டிகிரி அளவுத் தண்ணீரைக் கால்வாசி எடுத்து, காற்றை வெளியேற்றி, நுனியை விரலால் அடைத்துக்கொண்டு பின்தண்டை இழுத்தால் தண்ணீர் கொதிப்பதைக் கையிலேயே பார்க்கலாம். இதற்கு ஏற்கெனவே கொதிக்க வைத்த தண்ணீரை எடுங்கள், இல்லையென்றால் நீங்கள் பார்ப்பது கரைந்த காற்று வெளியேறுவதாக இருக்கும். வெற்றிடப் பம்பு இருந்தால் இன்னும் வேடிக்கை. கொதிக்கத் தேவையான வெப்பத்தை வெளியிலிருந்து யாரும் கொடுக்காததால் தண்ணீர் தன் சூட்டையே செலவழித்துக் குளிர்கிறது, கடைசியில் கொதித்துக்கொண்டே உறைகிறது. 20 டிகிரியில் தொடங்கினால், ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஆவியாகிப் போகும்போது மீதி பனிக்கட்டியாகியிருக்கும்.

எதிர்த்திசையில் பிரஷர் குக்கர். 1679-ல் டெனி பாபின் செய்துகாட்டிய கருவியின் வழிவந்தது. வெளி அழுத்தத்தோடு இன்னொரு வளிமண்டலம் சேர்ந்தால் கொதிநிலை 120 டிகிரி. மருத்துவக் கருவிகளை 121 டிகிரியில் 15 நிமிடம் வைத்துக் கிருமி நீக்குவதும் இதே ஏற்பாடுதான். சூடாக இருக்கும்போதே மூடியை வலுக்கட்டாயமாகத் திறந்தால் என்ன ஆகும்? 120 டிகிரி தண்ணீர் திடீரென்று ஒரு வளிமண்டல அழுத்தத்துக்கு வந்தால் 20 டிகிரி உபரி. ஒவ்வொரு லிட்டரிலும் 38 கிராம் அந்தக் கணமே ஆவியாகும். 60 லிட்டருக்கும் மேல் ஆவி, உள்ளே இருப்பதையெல்லாம் இழுத்துக்கொண்டு. அழுத்தம் முழுவதும் இறங்கி, மூடி தானாகத் தளரும் வரை தொடக்கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டாம். அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கொதிநிலையும் ஏறிக்கொண்டே போகும், ஆனால் முடிவில்லாமல் இல்லை. 374 டிகிரி, ஏறத்தாழ 220 வளிமண்டல அழுத்தம் என்ற இடத்தில் தண்ணீருக்கும் ஆவிக்கும் வித்தியாசமே மறைந்துவிடுகிறது. அதற்கு மேல் கொதித்தல் என்று ஒன்று கிடையாது.

நீராவியைப் பற்றி: கெட்டிலின் மூக்கிலிருந்து வெள்ளையாக வருவது நீராவி அல்ல. அது ஆவி காற்றில் குளிர்ந்து உண்டான நுண்ணிய நீர்த்துளிகள். மூக்கின் வாயை ஒட்டி விரல் அகலத்துக்கு ஒன்றுமே தெரியாத ஓர் இடைவெளி இருக்கும் பாருங்கள், அங்கே இருப்பதுதான் நீராவி. நிறமற்றது. கைக்கு அதிக ஆபத்தும் அந்த இடத்தில்தான். 100 டிகிரி தண்ணீர் ஒரு கிராம் தோலில் பட்டு உடல் சூட்டுக்கு ஆறும்போது 264 ஜூல் கொடுக்கிறது. அதே ஒரு கிராம் ஆவி, முதலில் தண்ணீராக மாறும்போதே 2,257 ஜூல் கொடுத்துவிட்டு, பிறகு அந்த 264-ஐயும் கொடுக்கிறது.

தண்ணீரைச் சூடாக்கும் உலோகப் பரப்பின் சூடு எல்லை மீறினால் கொதித்தலின் குணமே மாறும். உலோகம் தண்ணீரின் கொதிநிலையைவிட 5, 10 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும்போது குமிழிகள் தனித்தனியாகப் பிறந்து வெப்பத்தை வேகமாக வாரிச் செல்லும். 30 டிகிரி அதிகமாகும் அளவில் இந்த வேகம் உச்சத்துக்குப் போகிறது, சதுர மீட்டருக்கு 10 லட்சம் வாட் அளவு. அதற்கு மேல் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகி, தண்ணீரை உலோகத்தைத் தொடவிடாமல் தடுத்துவிடும். வெப்பம் போக வழியில்லாமல் உலோகத்தின் சூடு தாறுமாறாக ஏறும். மெல்லிய கம்பிகளை மின்சாரத்தால் சூடாக்கி இந்த மாற்றத்தை 1934-ல் வரைபடமாக்கியவர் ஜப்பானின் ஷிரோ நுகியாமா. கொதிகலன்களையும் அணு உலைகளையும் வடிவமைப்பவர்கள் இந்த உச்சத்தை நெருங்காமல் இருக்கவே பெரும்பாடு படுகிறார்கள். சிவக்கக் காய்ந்த தட்டில் விழுந்த நீர்த்துளி உடனே மறையாமல் உருண்டு ஓடுவதும் இந்த ஆவிப்படலத்தின் மேல் சவாரி செய்வதால்தான். 1756-ல் இதை விவரித்த லைடன்ஃப்ராஸ்ட் பெயரால் அந்த விளைவு வழங்குகிறது. தண்ணீருக்கு உலோகத்தின் மேல் 200 டிகிரியை ஒட்டித் தொடங்கும்.

கொதிக்க வைப்பது தண்ணீரை எவ்வளவு சுத்தமாக்கும் என்பதில் குழப்பம் அதிகம். நோய்க்கிருமிகளைப் பொறுத்தவரை நம்பிக்கையான வழி: தளதளவென்ற கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். அங்கே கொதிநிலை குறைவு என்பதே கூடுதல் நேரத்துக்குக் காரணம். ஆனால் ஆர்செனிக், ஈயம், ஃபுளோரைடு, நைட்ரேட் போன்றவை ஆவியாவதில்லை. தண்ணீர் வற்ற வற்ற அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். ரசாயன மாசு இருக்கும் தண்ணீரை நெடுநேரம் கொதிக்க வைப்பது அதை மோசமாக்குவதற்குச் சமம்.

பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். கடினநீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூட்டில் சிதைந்து, கரியமில வாயு வெளியேற, கரையாத கார்பனேட் படிகிறது. இந்தப் படிவு வெப்பத்தை உலோகத்தைவிட மிகமிகக் குறைவாகக் கடத்தும். அதனால் தண்ணீர் தாமதமாகக் கொதிப்பதோடு, சூடாக்கும் கம்பி தன் சூட்டைக் கொடுக்க முடியாமல் உள்ளுக்குள் காய்ந்து சீக்கிரம் எரிந்துபோகும். லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் கரைத்து, சூடாக்கி, அரை மணி நேரம் ஊறவிட்டால் படிவு நுரைத்துக் கரையும். கம்பியால் சுரண்ட வேண்டாம்.

கெட்டில் தானாக அணையாமல் கொதித்துக்கொண்டே இருந்தால் முதலில் மூடியைப் பாருங்கள். பெரும்பாலான கெட்டில்கள் தண்ணீரின் சூட்டை அளந்து அணைவதில்லை. கொதி வந்ததும் நீராவி ஒரு குறுகிய வழியாகப் போய், இரட்டை உலோகத் தகட்டில் பட, அது வளைந்து சுவிட்சைத் தட்டுகிறது. மூடி திறந்திருந்தால் ஆவி அந்த வழியில் போகாது. வற்றிப்போனால் அணைக்கும் பாதுகாப்புத் தகடு அடியில் தனியாக இருக்கிறது, ஆனால் அன்றாடம் அதை நம்பி இருக்கக் கூடாது.

கடைசியாக, கொதிநீரில் வெப்பமானியைச் சரிபார்க்க விரும்புபவர்களுக்கு. 100 காட்டவில்லை என்றதும் கருவியைக் குறை சொல்லாதீர்கள். முதலில் உங்கள் இடத்தின் அழுத்தம் வேண்டும். வானிலை அறிக்கையில் வரும் எண் வழக்கமாகக் கடல் மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்டது. அது உதவாது, அந்த இடத்தின் நேரடி அழுத்தம் வேண்டும். 1,013 ஹெக்டோபாஸ்கலிலிருந்து (மேலே சொன்ன 101.3 கிலோபாஸ்கல்தான் இது) குறையும் ஒவ்வொரு ஹெக்டோபாஸ்கலுக்கும் 0.028 டிகிரி கழியுங்கள். 950 என்றால் 98.2 டிகிரிதான் சரியான அளவு. வெப்பமானியின் நுனியில் இருக்கும் குமிழைப் பாத்திரத்தின் அடியிலோ சுவரிலோ படவிடாதீர்கள். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் அதைத் தண்ணீருக்குள் முக்காமல், மூடிய பாத்திரத்தில் தண்ணீருக்குச் சற்று மேலே ஆவியில் நிறுத்துங்கள். தண்ணீர் குமிழிக்கு இடம் கிடைக்காமல் ஓரிரு டிகிரி கூடுதலாக ஏறியிருக்கலாம்; அதிலிருந்து வெளியேறிய ஆவி அப்படி ஏமாற்றாது. லண்டன் ராயல் சொசைட்டியின் குழு 1777-ல் பரிந்துரைத்த முறையும் இதுவே.